டிரைவரில் ஒன்பது செட்டிங்: எதை எடுப்பது, எதை எங்கே வைப்பது

கர்னல் டிரைவர் எழுத வருகிறவர்கள் முதலில் மிரள்வது இன்டரப்டையும் லாக்கையும் பார்த்துத்தான். கொஞ்சம் பழகிய பிறகு, பழைய டிரைவர் ஒன்றைக் கையில் எடுத்தால், நேரத்தை விழுங்குவது அதன் செட்டிங்குகள் என்று தெரியவரும். ஒரே விஷயத்துக்கு மூன்று இடத்தில் மதிப்பு கொடுக்கலாம். மூன்றில் எது ஜெயிக்கும் என்பது நிரலை முழுக்கப் படித்தால்தான் புரியும். யாரோ அவசரத்துக்குச் சேர்த்த ஒரு பாராமீட்டரை, இன்னொருவர் நம்பித் தன் கணினியில் எழுதி வைத்திருப்பார். அதனால் அதை எடுக்கவும் தயக்கம், விட்டுவைக்கவும் மனமில்லை.

இந்தச் சிக்கலை எப்படிப் பிரிப்பது என்று லினக்ஸ் கர்னலை வைத்துச் சொல்கிறேன். சி மொழி தெரிந்து, ஒரு சின்ன மாட்யூலையாவது கம்பைல் செய்து ஏற்றிப் பார்த்திருந்தால் போதும், தொடர்ந்து படிக்கலாம்.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை டிரைவர். இரண்டே கம்பியில் பல சிப்களை இணைக்கும் ஐ2சி பஸ்ஸில் இருக்கும் வெப்பநிலை சென்சார் சிப்புக்கு எழுதியது. அதில் ஒன்பது மாட்யூல் பாராமீட்டர்கள், அதாவது மாட்யூலை ஏற்றும்போது வெளியிலிருந்து கொடுக்கக்கூடிய மதிப்புகள்: சிப்பின் ஐ2சி முகவரி, இன்டரப்ட் எண், இன்டரப்டைப் பயன்படுத்துவதா வேண்டாமா, சிப்பின் ரகம், டிபக் அளவு, படிக்க முடியாமல் போனால் எத்தனை முறை மறுபடி முயல்வது, மின்சேமிப்பை நிறுத்துவது, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை அளப்பது, எத்தனை அளவீடுகளைச் சேர்த்துச் சராசரி எடுப்பது. டிரைவர் கற்பனை என்றாலும் பட்டியல் அப்படியல்ல. பழைய டிரைவர்களைத் திறந்தால் இதுபோன்ற வரிசை கண்ணில் படும்.

முதலில் கணக்கெடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன், இருக்கும் செட்டிங்குகள் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். மாட்இன்ஃபோ கட்டளைக்கு மாட்யூலின் பெயரைக் கொடுத்தால் பாராமீட்டர்கள் எல்லாம் வரிசையாக வந்துவிடும். ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். கேகான்ஃபிக் கோப்பில் கம்பைல் நேரத் தேர்வுகள் இருக்கலாம், டிவைஸ் ட்ரீயிலிருந்து (போர்டில் என்ன ஹார்டுவேர் இருக்கிறது என்று விவரிக்கும் கோப்பு) படிக்கப்படும் பண்புகள் இருக்கலாம், சிஸ்எஃப்எஸ் கோப்புகள் (கர்னல் தன் மதிப்புகளை /sys அடைவில் காட்டும் கோப்புகள்) இருக்கலாம், ஐஆக்டில் என்ற சிஸ்டம் கால் வழியாக நுழையும் மதிப்புகள் இருக்கலாம். நிரலின் தலையில் டிஃபைன் செய்து வைத்த எண்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவையும் செட்டிங்குகள்தான், வெளியே தெரியாதவை, அவ்வளவே.

ஒவ்வொன்றுக்கும் எதிரே சில கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இதை யார் மாற்றுவார்? எப்போது மாற்றுவார்? ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி மதிப்பா, எல்லாவற்றுக்கும் ஒன்றா? அலகு என்ன? தப்பான மதிப்பு வந்தால் என்ன நடக்கும்?

அலகு பற்றிய கேள்வியை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். "டைம்அவுட் 50" என்று ஒரு பாராமீட்டர் இருக்கிறது என்று வையுங்கள். 50 என்பது எதில்? பழைய டிரைவர்களில் அது ஜிஃபியாக இருக்க வாய்ப்பு உண்டு. ஜிஃபி என்பது கர்னலின் கடிகாரத் துடிப்பு. ஒரு விநாடிக்கு எத்தனை துடிப்பு என்பதைக் கர்னலைக் கம்பைல் செய்கிறவர் தீர்மானிக்கிறார். 100 துடிப்பு என்றால் அந்த 50 அரை விநாடி ஆகிறது. 250 என்றால் 200 மில்லிசெகண்ட். 1000 என்றால் வெறும் 50 மில்லிசெகண்ட். பயனர் எதையும் தொடவில்லை, கர்னலை மட்டும் மாற்றினார், டைம்அவுட் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. வெளியே தெரியும் எந்தச் செட்டிங்கும் மில்லிசெகண்ட், மைக்ரோவோல்ட் போன்ற நிலையான அலகில் இருக்க வேண்டும். ஜிஃபிக்கு மாற்றுவது டிரைவருக்குள் நடக்கட்டும்.

கடைசிக் கேள்விக்கு என் அனுபவம் ஒன்று. ஒரு கருவியில் தொடுதிரை திக்கித் திக்கி வேலை செய்தது. இரண்டு நாள் தொடுதிரை டிரைவரையே தோண்டிக்கொண்டிருந்தேன். லாஜிக் அனலைசரை பஸ்ஸில் மாட்டிப் பார்த்தபோது இடைவெளியே இல்லாமல் போக்குவரத்து ஓடியது. அத்தனையும் ஒரே முகவரிக்கு, அதே பஸ்ஸில் இருந்த வெப்பநிலை சென்சாருக்கு. அந்த டிரைவரின் இடைவெளி பாராமீட்டரைத் திறந்து பார்த்தேன்: 0. யாரோ "0 போட்டால் அளப்பது நின்றுவிடும்" என்று நினைத்து எழுதியிருக்கிறார். டிரைவரோ 0 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை அளக்கச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டு, ஒரு அளவீடு முடிந்ததுமே அடுத்ததைத் தொடங்கியது. தொடுதிரை தன் முறைக்காகக் காத்துக் கிடந்தது. எழுதியவர்மேல் தப்பில்லை. 0 என்றால் என்ன அர்த்தம் என்று டிரைவர் எங்கும் சொல்லவில்லை, கேட்காமல் வாங்கிக்கொண்டது.

மாட்யூல் பாராமீட்டர் ஏன் பெரும்பாலும் தவறான இடம்

புதியவர்கள் ஒரு மதிப்பை வெளியே விட நினைத்தால் கை முதலில் போவது மாட்யூல் பாராமீட்டருக்கு. ஒரு வரியில் முடிந்துவிடுகிறது, அதுதான் அதன் கவர்ச்சி. ஆனால் இரண்டு குறைகள் உண்டு.

ஒன்று, அது மாட்யூல் முழுவதற்கும் ஒரே மாறி. அதே சிப் இரண்டு இருந்தால் இரண்டுக்கும் ஒரே இடைவெளி, ஒரே ரகம்தான். இதைச் சமாளிக்க "முதல் சிப்புக்கு இது, இரண்டாவதுக்கு அது" என்று காற்புள்ளி போட்டுப் பட்டியல் கொடுக்கும் முறை வந்தது. எது முதல் சிப் என்பது எந்தச் சிப்பை டிரைவர் முதலில் பிடிக்கிறது என்பதைப் பொறுத்தது, கணினி பூட் ஆகும் ஒவ்வொரு முறையும் அது மாறலாம்.

இரண்டு, அனுமதியை 0644 என்று கொடுத்தால் ஓடிக்கொண்டிருக்கும்போதே ரூட் பயனர் அதை மாற்றலாம். சாதாரண எண் பாராமீட்டராக இருந்தால் மாறியின் மதிப்பு மட்டும் மாறும், டிரைவருக்கு எந்தத் தகவலும் வராது. சிப்பின் ரெஜிஸ்டரில் பழைய மதிப்பு, மாறியில் புதிய மதிப்பு. அனுமதியை 0 என்று கொடுத்தால் சிஸ்எஃப்எஸ்ஸில் கோப்பே உருவாகாது, இந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் முதல் குறை அப்படியே இருக்கும்.

இதனால்தான் புதிய டிரைவரில் மாட்யூல் பாராமீட்டரோடு பேட்ச் அனுப்பினால், பராமரிப்பாளர்கள் பலரும் "இது எதற்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவர்களுக்கு முன்பே நீங்கள் கேட்டுவிடுவது நல்லது.

டிரைவரே தெரிந்துகொள்ள முடியுமா?

என்னைக் கேட்டால் முழு வேலையிலும் முக்கியமான கட்டம் இதுதான். ஒவ்வொரு செட்டிங்கையும் எடுத்து, "இதற்கான பதில் ஏற்கெனவே எங்காவது இருக்கிறதா?" என்று கேளுங்கள். பயனரிடம் கேட்பது கடைசி வழி.

ஐ2சி முகவரி: சிப் போர்டில் எங்கே இணைந்திருக்கிறது என்பது ஹார்டுவேர் தகவல். டிவைஸ் ட்ரீ உள்ள கருவிகளில் அது அங்கேயே எழுதப்பட்டிருக்கும். கர்னலின் ஐ2சி அடுக்கு முகவரியோடுதான் உங்கள் புரோப் ஃபங்ஷனை, அதாவது சாதனம் கிடைத்ததும் டிரைவரில் முதலில் ஓடும் ஃபங்ஷனை, அழைக்கிறது. பாராமீட்டர் தேவையில்லை, எடுத்துவிடலாம்.

இன்டரப்ட் எண்ணும் அப்படியே. டிவைஸ் ட்ரீயிலோ ஏசிபிஐயிலோ (பிசிக்களில் ஹார்டுவேரை விவரிக்கும் அட்டவணைகள்) சொல்லியிருந்தால், புரோப் நடக்கும்போது எண் கையில் இருக்கும். அது இருந்தால் இன்டரப்ட், இல்லையென்றால் போலிங், அதாவது டிரைவரே அவ்வப்போது சிப்பைக் கேட்டுப் பார்ப்பது. இதை எழுதியவுடன் "இன்டரப்டைப் பயன்படுத்துவதா" என்ற பாராமீட்டரும் அர்த்தமிழந்துவிடுகிறது. ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்ததில் இரண்டு செட்டிங் போயிற்று.

சிப்பின் ரகம்: பெரும்பாலான சிப்களில் தன் அடையாளத்தைச் சொல்லும் ரெஜிஸ்டர் ஒன்று இருக்கும். இல்லாவிட்டாலும் டிவைஸ் ட்ரீயில் சிப்பின் பெயரைச் சொல்லும் கம்பாடிபிள் சரம் ரகத்தைச் சொல்லிவிடும். இங்கே இன்னொரு எளிமையும் கிடைக்கிறது. பழைய நிரலில் "ரகம் இதுவானால் இப்படி, அதுவானால் அப்படி" என்று இருபது இடத்தில் இஃப் இருக்கும். அதற்குப் பதில் ரகத்துக்கு ஒரு மாறாத ஸ்ட்ரக்ட் எழுதுங்கள். அதில் ரெஜிஸ்டர் எண்கள், துல்லியம், அந்த ரகம் அறிந்த இடைவெளிகள் எல்லாம் இருக்கட்டும். கம்பாடிபிள் சரத்தோடு அதை மேட்ச் டேட்டாவாக இணைத்துவிட்டால், புரோப் ஒரே வரியில் சரியான ஸ்ட்ரக்ட்டை எடுத்துக்கொள்ளும். நாளைக்குப் புது ரகம் வந்தால் ஒரு ஸ்ட்ரக்ட் சேர்த்தால் போதும்.

டிபக் அளவு: ஒவ்வொரு டிரைவரும் தனக்கென்று ஒரு டிபக் பாராமீட்டர் வைத்திருந்த காலம் உண்டு. இப்போது கர்னலிலேயே டைனமிக் டிபக் இருக்கிறது. அது சேர்த்துக் கம்பைல் செய்யப்பட்ட கர்னலில், டெவ் டிபிஜி வகை ஃபங்ஷனால் எழுதிய செய்திகளைக் கோப்பு வாரியாக, ஃபங்ஷன் வாரியாக, வரி வாரியாகக்கூட ஓடும்போதே இயக்கலாம். எடுத்துவிடுங்கள்.

மின்சேமிப்பு: டிரைவர் ரன்டைம் பவர் மேனேஜ்மென்டை ஆதரித்தால், அந்தச் சாதனத்தின் சிஸ்எஃப்எஸ் அடைவுக்குள் பவர் என்ற துணை அடைவில் கன்ட்ரோல் என்ற கோப்பு இருக்கும். அதில் ஆன் என்று எழுதினால் சிப் தூங்காது, ஆட்டோ என்று எழுதினால் தேவைப்படும்போது தூங்கும். எல்லாச் சாதனத்துக்கும் ஒரே முறை. பயனர் உங்கள் டிரைவருக்கென்று தனியாக ஒன்றைக் கற்க வேண்டாம்.

மறுமுயற்சி எண்ணிக்கை: இதை யாராவது மாற்றிப் பார்த்ததுண்டா என்று கேளுங்கள். காரணம் சொல்லி மாற்றியவர் எவரும் இல்லையென்றால் 3 என்று ஒரு மாறிலி போதும். பக்கத்தில் ஏன் 3 என்று ஒரு கமென்ட்.

ஒன்பதில் ஏழு முடிந்துவிட்டது. மிச்சம், இடைவெளியும் சராசரியும்.

மிஞ்சியவற்றுக்கு ஒரே வீடு

இவை இரண்டும் பயனரின் விருப்பம். வேகமாகத் தெரிய வேண்டுமா, மின்சாரம் மிச்சமாக வேண்டுமா என்பதைச் சிப் சொல்லாது, டிவைஸ் ட்ரீயும் சொல்லக் கூடாது. டிவைஸ் ட்ரீ ஹார்டுவேர் எப்படி இருக்கிறது என்று மட்டும் விவரிக்க வேண்டும், லினக்ஸ் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற கொள்கையை அதில் எழுதக் கூடாது என்பது அதன் பராமரிப்பாளர்கள் விடாமல் வற்புறுத்துகிற விதி. நியாயமான விதி. அந்தக் கோப்பை வேறு இயங்குதளங்களும் பூட்லோடர்களும் படிக்கின்றன.

கேகான்ஃபிக்கும் பொருந்தாது. லினக்ஸ் விநியோகங்கள் (டிஸ்ட்ரோக்கள்) ஒரே கர்னலைக் கம்பைல் செய்து எல்லோருக்கும் கொடுக்கின்றன. அங்கே வைத்த தேர்வு கடைசிப் பயனரின் கைக்கு வரவே வராது.

அப்புறம் எங்கே? புதிதாக ஒரு சிஸ்எஃப்எஸ் கோப்பு படைப்பதற்கு முன், உங்கள் சாதனம் எந்தத் துணை அமைப்பைச் சேர்ந்தது என்று பாருங்கள். வெப்பநிலை சென்சார்களுக்கு ஹெச்டபிள்யூமான் இருக்கிறது. அதன் ஆவணத்தில் அப்டேட் இன்டர்வல் என்ற கோப்புப் பெயர் ஏற்கெனவே உண்டு, அலகு மில்லிசெகண்ட். சராசரிக்கு சாம்பிள்ஸ் என்ற பெயரும் உண்டு. வெப்பநிலை மில்லிடிகிரி செல்சியஸில், அதாவது 25 டிகிரி என்பது 25000 என்று வர வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. இந்தப் பெயர்களைப் பயன்படுத்தினால் இருக்கும் கருவிகள் உங்கள் சிப்பையும் அப்படியே புரிந்துகொள்ளும். வலைப்பின்னல் அட்டை என்றால் ரிங் அளவு, இன்டரப்ட் தொகுப்பு போன்றவற்றுக்கு ஈத்டூல் இடைமுகம் இருக்கிறது. பெரும்பாலான விஷயத்துக்கு யாரோ ஒரு வீடு கட்டி வைத்திருக்கிறார்கள், தேடுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

உண்மையிலேயே எதுவும் இல்லாவிட்டால் மட்டும் சொந்தக் கோப்பு. ஒரு கோப்பு, ஒரு மதிப்பு என்பது சிஸ்எஃப்எஸ் விதி. எழுதிவரும் உரையை எண்ணாக்க கேஎஸ்டிஆர்டூ என்று தொடங்கும் ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கள். பழைய சிம்பிள் எஸ்டிஆர்டூ வகை "12கிலோ" என்று வந்தால்கூட 12 என்று எடுத்துக்கொண்டு பேசாமல் போய்விடும். புதியவை பிழை என்று திருப்பி அனுப்பும், எக்கோ கட்டளை கடைசியில் சேர்க்கும் புதுவரிக் குறியை மட்டும் பொறுத்துக்கொள்ளும். கோப்பின் பெயர், அலகு, பொருள் மூன்றையும் கர்னல் ஆவணங்களில் ஏபிஐ அடைவில் பதிவு செய்யவும் மறக்காதீர்கள்.

ஆராய்ச்சிக்காக மட்டும் பார்க்க விரும்பும் மதிப்புகளை, டிபக் வேலைக்கென்றே கர்னல் தரும் டிபக்எஃப்எஸ் கோப்பு அமைப்பில் விடுங்கள். அங்கே இருப்பதை நிரந்தரம் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, நாளைக்கு எடுத்தாலும் பிரச்சினை குறைவு.

விண்டோஸ் டிரைவர் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அங்கே இடம் ரெஜிஸ்ட்ரி. டிரைவர் சேவைக்குப் பொதுவான பாராமீட்டர்ஸ் கீ ஒன்று, ஒவ்வொரு சாதனத்துக்கும் உரிய ஹார்டுவேர் கீ ஒன்று. சாதனத்துக்கு உரியதைப் பொதுக் கீயில் எழுதினால், மேலே மாட்யூல் பாராமீட்டருக்குச் சொன்ன அதே இரண்டு சிப் சிக்கல் வரும்.

ஒரே ஸ்ட்ரக்ட், ஒரே ஃபங்ஷன்

இனி நிரலுக்குள். சிதறிக் கிடக்கும் குளோபல் மாறிகளை எடுத்துவிட்டு, சாதனத்துக்கு ஒன்று என்று உருவாகும் ஸ்ட்ரக்ட்டுக்குள் செட்டிங்குகளைச் சேருங்கள். புரோப் தொடங்கும்போது இயல்பு மதிப்புகளை நிரப்புங்கள். பிறகு போர்டு சொல்ல வேண்டிய ஹார்டுவேர் பண்புகள் ஏதேனும் இருந்தால் டிவைஸ் ப்ராப்பர்ட்டி வகை ஃபங்ஷன்களால் படியுங்கள். அவை டிவைஸ் ட்ரீ, ஏசிபிஐ இரண்டிலிருந்தும் படிக்கும், இரண்டுக்கும் தனித்தனி நிரல் வேண்டாம். பண்பு இல்லையென்றால் இயல்பு மதிப்பு நிற்கட்டும், அது பிழை அல்ல.

அடுத்து, செட்டிங்கைச் சிப்புக்குக் கொண்டுபோகும் வேலைக்கு ஒரே ஒரு ஃபங்ஷன் எழுதுங்கள். அதன் வரிசை இப்படி: மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் லாக்) பிடி, மதிப்பைச் சரிபார், சிப்பின் ரெஜிஸ்டரில் எழுது, எழுதியது வெற்றி என்றால் மட்டும் ஸ்ட்ரக்ட்டில் புதிய மதிப்பை வை, மியூடெக்ஸை விடு. ஸ்ட்ரக்ட்டை முதலில் மாற்றிவிட்டுச் சிப்பில் எழுதப் போய் பஸ் பிழை வந்தால், டிரைவர் நம்புவதும் சிப் செய்வதும் வேறாகிவிடும்.

இடைவெளியை எடுத்துப் பார்ப்போம். நம் சிப்புக்கு 125, 250, 500, 1000 மில்லிசெகண்ட் நான்கும்தான் தெரியும். பயனர் 300 என்று எழுதுகிறார். மிக அருகில் இருப்பது 250, அதை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அவர் கோப்பைப் படித்தால் 250 என்று காட்ட வேண்டும். எழுதிய 300-ஐத் திருப்பிக் காட்டினால் அது பொய். 0 எழுதினால்? ஹெச்டபிள்யூமான் வழக்கப்படி தொடர்ச்சியான எண் மதிப்புகள் எல்லைக்கு வெளியே போனால் எல்லைக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே 125. எண்கள் வெறும் அடையாளமாக நிற்கும் இடங்களில், உதாரணமாக சென்சார் வகை 1, 2, 3 என்று இருக்கும் இடத்தில், அப்படி இழுக்கக் கூடாது, செல்லாத மதிப்பு என்று பிழை திருப்ப வேண்டும். நான் மேலே சொன்ன தொடுதிரைச் சம்பவம் இந்த ஒரு சரிபார்ப்பு இருந்திருந்தால் நடந்திருக்காது.

இந்த ஃபங்ஷனின் அருமை தெரிவது கருவி தூங்கி எழும்போது. சஸ்பெண்டில் சிப்புக்கு மின்சாரம் போய்விட்டால், எழும்போது அதன் ரெஜிஸ்டர்கள் தொடக்க மதிப்புக்குத் திரும்பியிருக்கும். கோப்பு 250 என்று காட்டும், சிப் 1000-இல் அளந்துகொண்டிருக்கும். ரெஸ்யூம் வழியிலும் அதே ஃபங்ஷனை அழைத்தால் சரியாகிவிடும். புரோப், சிஸ்எஃப்எஸ், ரெஸ்யூம் மூன்றும் ஒரே வாசல் வழியாகப் போகட்டும். ரெஜிஸ்டர்களைப் படித்து எழுதித் தரும் கர்னலின் ரெக்மேப் அடுக்கைப் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அதன் கேஷை அழுக்கு என்று குறித்துவிட்டு ஒத்திசைக்கச் சொன்னாலும் ரெஜிஸ்டர்கள் திரும்ப எழுதப்படும்.

பழையதை எடுக்கும்போது

பயனரின் நிரலை உடைக்கக் கூடாது என்பதில் லினக்ஸ் கர்னல் கறாரானது. ஆகவே பாராமீட்டரை நீக்குவதைத் தனிப் பேட்சாக, கடைசியில் வையுங்கள். முதல் பேட்சுகளில் நடத்தை எதுவும் மாற வேண்டாம்: மாறிகளை ஸ்ட்ரக்ட்டுக்கு நகர்த்துவது ஒன்று, ஒரே ஃபங்ஷன் ஆக்குவது ஒன்று, ரக ஸ்ட்ரக்ட் ஒன்று. படிக்கிறவருக்கும் எளிது, ஏதாவது உடைந்தால் பைசெக்ட் செய்து, அதாவது மாற்றங்களைப் பாதி பாதியாகச் சோதித்து, எந்தப் பேட்ச் என்று பிடிப்பதும் எளிது.

யாராவது உபயோகிக்கக்கூடிய பாராமீட்டர் என்றால் சில வெளியீடுகளுக்கு அதை ஏற்றுக்கொண்டு, "இதற்குப் பதில் அப்டேட் இன்டர்வல் கோப்பைப் பயன்படுத்துங்கள்" என்று கர்னல் லாகில் ஒருமுறை எச்சரியுங்கள். பிறகு எடுத்த பின்னும் மாட்யூல்களுக்கு மதிப்பு எழுதி வைக்கும் பழைய மாட்ப்ரோப் கோப்பில் அந்த வரி மிஞ்சியிருக்கும் கணினிகள் இருக்கும். 3.11 பதிப்பிலிருந்து, தெரியாத பாராமீட்டர் வந்தால் கர்னல் அதைப் புறக்கணித்து லாகில் ஒரு வரி எழுதிவிட்டு மாட்யூலை ஏற்றிவிடும். அதற்கு முன் ஏற்றவே மறுத்துவிடும். சிஸ்எஃப்எஸ் கோப்பை எடுப்பதானால் ஏபிஐ அடைவிலுள்ள பதிவை அப்சலீட் பிரிவுக்கு நகர்த்தி, காரணத்தையும் மாற்று வழியையும் எழுதுங்கள்.

சோதித்துப் பார்க்க

சிப் கையில் இல்லாவிட்டாலும் தொடங்கலாம். கர்னலில் ஐ2சி ஸ்டப் என்ற மாட்யூல் இருக்கிறது, நினைவகத்திலேயே ஒரு போலிச் சிப்பை உருவாக்கித் தரும். எஸ்எம்பஸ் (ஐ2சியை ஒட்டிய ஒரு நெறிமுறை) கட்டளைகளோடு பேசும் டிரைவரை அதில் ஓட்டலாம். இரண்டு முகவரிகளைக் கொடுத்து இரண்டு சிப் உருவாக்குங்கள். ஒன்றின் இடைவெளியை 125 ஆக்கிவிட்டு மற்றதைப் படியுங்கள், அது அசையாமல் இருக்க வேண்டும். எங்காவது ஒரு குளோபல் மாறி தப்பியிருந்தால் இங்கே மாட்டும்.

அடுத்து 0, -1, மிகப் பெரிய எண், எழுத்து, வெற்று வரி ஒவ்வொன்றையும் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் கோப்பைத் திரும்பப் படித்து, ஸ்டப்பின் ரெஜிஸ்டரையும் ஐ2சி கெட் கட்டளையால் படித்து ஒப்பிடுங்கள். மாட்யூலை இறக்கி ஏற்றுங்கள். மேலே சொன்ன ரெஸ்யூம் பிழையை மட்டும் ஸ்டப்பால் காட்ட முடியாது, அதன் ரெஜிஸ்டர்கள் தூக்கத்தில் அழிவதில்லை. அதற்கு நிஜச் சிப் உள்ள போர்டு வேண்டும்: இடைவெளியை 125 ஆக்குங்கள், கருவியைத் தூங்க வையுங்கள், எழுப்புங்கள், கோப்பைப் படிப்பதோடு நிற்காமல் சிப்பின் ரெஜிஸ்டரையும் நேரடியாகப் படியுங்கள்.